வெளிச்சம் புகும் காகிதம்

மார்ச் 6, வியாழன்

சாம்பல் புதனுக்காக நேற்று கோயிலில் நெற்றியில் பூசியது தலையணை உறையில் ஒட்டியிருக்கிறது. வேலைக்கு வரும் செல்லத்திடம் அதைத் தனியாக ஊறவைக்கச் சொன்னேன். "சரிம்மா" என்றாள். பிறகு எல்லாத் துணியோடும் சேர்த்தே மெஷினில் போட்டாள். இருபது வருடமாகச் சொல்லியும் இந்த வீட்டில் ஒரு வேலை ஒழுங்காக நடப்பதில்லை.

ஜெசிந்தாவின் குழந்தைக்கு ஞானஸ்நான கவுன் தைக்கிறேன். தவக்காலத்தில் ஞானஸ்நானம் கூடாது என்பதால் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு என்று முடிவாகியிருக்கிறது. ஜெசிந்தா என் ஞானமகள். அவள் தாய் ரோசலின் கான்வென்ட்டில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். ரோசலின் போன பிறகு ஒரு தாய் செய்யவேண்டிய எல்லாவற்றையும் நான்தான் அந்தப் பெண்ணுக்குச் செய்தேன், கல்யாணம் தவிர. அதை அவளே செய்துகொண்டாள். கிளாட்வின் எட்டயபுரம் ரோட்டில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். நல்ல பையன்தான். பி.ஏ. முடிக்கவில்லை. இப்போது பிறந்த குழந்தைக்கும் நானே ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று ஜெசிந்தா கேட்டிருக்கிறாள்.

கவுனின் கழுத்துக்கு வைத்திருந்த லேஸில் ஒரு துண்டு காணவில்லை. தையல் கூடையில் நானே வைத்தது. செல்லத்திடம் கேட்டேன். தெரியாது என்றாள். தெரியாது என்று சொல்பவர்கள் தரையைப் பார்க்க வேண்டியதில்லை.

மாலையில் ரயில்வே மேம்பாலத்தில் கார் ஏற மறுத்தது. மிதிக்க மிதிக்க உறுமியதே தவிர இழுக்கவில்லை. பின்னால் வந்த உப்பு லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். என் கணவர் ஸ்தனிஸ்லாஸ் இருந்தபோது இந்தக் கார் ஒருநாளும் என்னை இப்படி நடுரோட்டில் நிறுத்தியதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்து பார்த்தால், கோயில் பெண்களின் மாதா சபை வாட்ஸ்அப் குழுவில் பிபியானா ஒரு வீடியோ போட்டிருந்தாள். போலி ஏர் ஃபில்டரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு ஆள் பேசுகிறான். எழுவாய்க்கும் பயனிலைக்கும் சம்பந்தமில்லாத தமிழ். ஆனால் விஷயம் எனக்கு உடனே பிடிபட்டது. ஃபில்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டுமாம். வெளிச்சம் வந்தால் போலி. தண்ணீர் இறங்கினாலும், நெருப்பில் எரிந்தாலும், மஞ்சள் நிறமும் மின்னும் ஸ்டிக்கரும் இல்லாவிட்டாலும் போலிதானாம்.

கான்வென்ட்டில் தையல் வகுப்பில் மதர் க்ளோடில்ட் எங்கள் துணிகளை இப்படித்தான் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். மடிப்புத் தையலில் ஓர் இடத்தில் வெளிச்சம் தெரிந்தாலும் போதும், முழுவதையும் பிரித்துப் போட்டுவிடுவார். ரோசலின் அழுவாள். என்னுடையதை ஒருநாளும் பிரித்ததில்லை.

ஞாயிறுதோறும் டயருக்குக் காற்றுப் பார்க்க ஆக்டிங் டிரைவர் முத்துக்குட்டி வருவான். நகரத்தைத் தாண்டிப் போகவேண்டியிருந்தால் அவன்தான் ஓட்டுகிறான், என் கண் ஆபரேஷனுக்குப் பிறகு.

"அந்த ஏர் ஃபில்டரைக் கழற்று" என்றேன்.

"கிறிஸ்மஸுக்கு முன்னாலதானம்மா கிளாட்வின் அண்ணன் மாத்திக் குடுத்தாவ. புதுசுல்லா?"

"புதுசா போலியான்னு பார்க்கத்தான்."

"போலியா? மாப்பிள்ளையே மாமியாருக்குப் போலி குடுப்பாவளா?"

"அவன் எனக்கு மாப்பிள்ளை இல்லை. என் ஞானமகளுக்குப் புருஷன்."

"அது என்னமோ, எங்க ஊர்ல ரெண்டும் ஒண்ணுதான்" என்று கழற்றித் தந்தான்.

சாப்பாட்டறை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். மடிப்பு மடிப்பாக வெளிச்சம் வந்தது. தட்டியில் வருவதுபோல.

பிறகு அந்த வீடியோவில் இருந்ததை நல்ல தமிழில் நானே பேசிக் குழுவில் அனுப்பினேன். பெண்களுக்குக் காரைப் பற்றி யாரும் எதையும் சொல்லித்தருவதில்லை. எட்டயபுரம் ரோட்டில் நமக்குத் தெரிந்த ஒருவர் கடையில் வாங்கிய ஃபில்டரை நானே கையில் வைத்துப் பார்த்தேன் என்றும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. கடைசியில், "வெளிச்சத்தையே நிறுத்தாத காகிதம் தூசியை எப்படி நிறுத்தும்?" என்று முடித்தேன். அது எனக்கே பிடித்திருந்தது.

மார்ச் 10, திங்கள்

முப்பது பேருக்கு மேல் பாராட்டியிருக்கிறார்கள். வேறு கோயில் பங்கிலிருந்துகூட ஒருவர். பிபியானா ஃபோனில், "டீச்சர் மாதிரி இருக்கு பெர்பெத்துவாக்கா உங்க குரலு. எங்க வீட்டுக்காரர் ரெண்டு தரம் போடச் சொல்லிக் கேட்டாவ" என்றாள்.

செல்லத்தை நிறுத்திவிட்டேன். லேஸ் காரணமில்லை. மொத்தத்தில் ஒழுங்கு போதாது.

மார்ச் 14, வெள்ளி

சிலுவைப் பாதைக்கு ஆட்டோவில் போனேன். கார் ஷெட்டிலேயே நிற்கிறது. ஃபில்டர் பழைய செய்தித்தாளில் சுற்றி அலமாரியின் மேல் இருக்கிறது.

டாக்ஸி ஸ்டாண்ட் ஆட்கள் சிலர் கிளாட்வின் கடையில் வாங்கிய ஃபில்டர்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். கோயில் வாசலில் பேசிக்கொண்டார்கள். வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம்.

மார்ச் 17, திங்கள்

வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. பாத்திரம் நானே தேய்த்தேன். செல்லம் தேய்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

ஜெசிந்தா குழந்தையோடு வந்தாள். இந்த வெயிலில் கைக்குழந்தையை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வர வேண்டுமா என்று கேட்டேன். குழந்தைக்கு ரோசலின் என்றே பெயர் வைக்கப்போகிறார்கள். மூக்கு அப்படியே அவள்தான்.

காப்பி கொடுத்தேன். வெள்ளிக்கிழமை ஒருசந்தி என்று குடிக்கவில்லை. பால் கொடுக்கிற பெண்ணுக்கு ஒருசந்தி இல்லை என்று சொன்னேன். அப்போதும் குடிக்கவில்லை.

"பெரியம்மா, ஃபோன்ல ஒண்ணு சுத்துது. கேட்டீயளா?"

"எத்தனையோ சுத்துது."

"இது உங்க குரலு."

நான் கவுனின் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேசுனது யாருன்னு பேரு இல்ல, முன்னால இருந்ததை யாரோ வெட்டிட்டாவ. ஆனா அந்தக் குரலு எனக்குத் தெரியாதா பெரியம்மா? அதைக் கேட்டுத்தானே நான் மந்திரம் படிச்சேன். அருள் நிறைந்த மரியேல ஒரு எழுத்து பிசகினா திரும்ப முதல்ல இருந்து சொல்ல வைப்பீய."

"நான் யார் பேரையும் சொல்லல."

"எட்டயபுரம் ரோட்டுல ஸ்பேர்ஸ் கடை எத்தனை இருக்கு? உங்களுக்குத் தெரிஞ்சவர் கடை எது? ஊருக்கே தெரியும்ல."

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லாப் பொருளையும் வெளியே கொண்டுபோய் வெயிலில் தூக்கிப் பார்க்கிறார்களாம். பிரேக் கட்டையைக்கூட. ஒருவன் ஷட்டரில் 'போலி' என்று பெயின்ட்டால் எழுதிவிட்டுப் போயிருக்கிறான். கிளாட்வின் சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறானாம். இப்படியே போனால் ஈஸ்டருக்குள் கடை மூட வேண்டியதுதான் என்கிறாள்.

"நீங்க எதுவும் செய்ய வேண்டாம். அதே குழுவுல, அதே குரல்ல, அது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க குரலை நம்பித்தான் எல்லாரும் நம்புனாவ."

"தப்பா இல்லையான்னு தெரியாம நான் ஒண்ணும் பேசமாட்டேன் ஜெசிந்தா. பரிசோதிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"அப்பமும் பரிசோதிச்சிட்டா பேசுனீய?" என்று கேட்டாள்.

வளர்த்த பெண் பேசுகிற பேச்சா இது? ஆனாலும் வாசல்வரை போய் வெயில் படாமல் குழந்தையின் தலையில் துண்டைப் போட்டுவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

டாக்ஸி பிடித்துத் திருநெல்வேலி போய், கார் கம்பெனியின் சொந்த ஷோரூமில், பெட்டி பிரிக்காத ஃபில்டர் ஒன்றை ரசீதோடு வாங்கி வந்தேன். முடிவு செய்தால் முழுதாகச் செய்ய வேண்டும்.

வழியில் டாக்ஸிக்காரர் கேட்டார். "ஃபில்டரா வாங்கப் போறீய? பாத்து வாங்குங்கம்மா. தூத்துக்குடி டீச்சரம்மா ஒருத்தவ பேசுனதைக் கேட்டீயளா? 'வெளிச்சத்தையே நிறுத்தாத காகிதம் தூசியை எப்படி நிறுத்தும்?' என்னா பாயிண்டு! அதுக்கு மேல பேச்சு உண்டா?"

இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்தேன். ஷோரூம் ஃபில்டரை அதே ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். வெளிச்சம் வந்தது. கிளாட்வின் கொடுத்ததில் வந்ததைவிட அதிகமாக வந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தேன். ஏன் என்று யோசித்தபோது வெட்கமாக இருந்தது, அவ்வளவு எளிது. கிளாட்வின் கொடுத்தது சில மாதம் ஓடியது. நம் ஊர்த் தூசி அதில் படிந்திருக்கிறது. தூசி படியப் படிய வெளிச்சம் குறையும். அப்படியானால் அந்த வீடியோ சொல்கிறபடி, அடைத்துப்போய்க் குப்பையில் எறிய வேண்டிய ஃபில்டர்தான் அசல்.

தண்ணீர் இறங்கக்கூடாது என்று சொன்னார்கள். நானும் சொன்னேன். இரண்டிலும் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டேன். முத்துப்போல் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு இறங்கி மேசைத்துணியை நனைத்தது. அது காற்று போகிற காகிதம். தண்ணீர் நிற்க அது என்ன மெழுகுச் சீலையா?

அசலானால் எரியாது என்பது அடுத்தது. ஷோரூம் ஃபில்டரின் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி, அடுப்படித் தொட்டியில் வைத்துத் தீக்குச்சி காட்டினேன். எரிந்தது. காகிதம் வேறென்ன செய்யும்? மஞ்சள் நிறம்தான் அசல் என்றார்கள். ஷோரூமில் தந்தது வெளிறிய வெள்ளை. எதிர்வீட்டு டாக்டரின் புதுக் காரைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அதில் இருந்தது இளஞ்சிவப்பு, அதிலும் வெளிச்சம் வந்தது. மின்னும் ஸ்டிக்கரைப் பற்றி ஷோரூமிலேயே கேட்டிருந்தேன். கவுன்டரில் இருந்த பெண் சிரித்தாள். "இந்தப் பொருளுக்கு நாங்க அது ஒட்டுறதே இல்ல மேடம். ஸ்டிக்கர் எவன் வேணும்னாலும் அடிச்சிக்கலாம். எண் சரியா இருக்கா, ரப்பர் ஓரம் இடைவெளி இல்லாம உக்காருதான்னு பாருங்க. மத்தபடி பில்லு குடுக்கிற, தெரிஞ்ச ஆள்கிட்ட வாங்குங்க. அவ்வளவுதான்."

கிளாட்வின் கொடுத்ததன் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஷோரூம் பெட்டியில் இருந்த அதே எண். ஷெட்டுக்குப் போய் அதைக் காருக்குள் ஃபில்டர் உட்காரும் இடத்தில் வைத்து அழுத்தினேன். ரப்பர் ஓரம் கச்சிதமாக உட்கார்ந்தது.

மேசைத்துணியை உலர்த்தியிருக்கிறேன். கறை போகவில்லை.

மார்ச் 26, புதன்

ஷோரூம்காரர்களே போலி விற்கக்கூடும் என்று ஒரு யோசனை வந்தது. எதிர்வீட்டு டாக்டர் காரிலும் வெளிச்சம் வந்ததே என்று நினைத்து அதை விட்டுவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

ஃபில்டரில் குறையில்லை என்றால் கார் ஏன் இழுக்கவில்லை? முத்துக்குட்டியை வரச் சொல்லி, காற்று உள்ளே போகிற குழாய் முழுவதையும் கழற்றச் சொன்னேன். கையை விட்டு எதையோ இழுத்தான். எலிக்கூடு. தேங்காய் நார், பஞ்சு, அதற்கு நடுவில் வெள்ளையாக லேஸ்.

"பாத்தீயளா! எலிக்குட்டிக்கும் ஞானஸ்நானம் போல இருக்கும்மா" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "அப்ப கிளாட்வின் அண்ணன் மேல ஒண்ணும் இல்லல்லா? போற வழியில சொல்லிட்டுப் போகட்டா? பாவம், மனுசன் ஈ ஓட்டிட்டு இருக்காவ."

"நானே சொல்லிக்கொள்கிறேன். நீ யாரிடமும் பேசாதே."

லேஸ் நான் வைத்திருந்ததுதான். வெட்டிய ஓரம் தெரிகிறது. செல்லம் இப்போது வேறு வீட்டில் வேலை பார்க்கிறாள்.

மார்ச் 30, ஞாயிறு

குழுவில் திருத்தம் சொல்ல வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. எப்படிச் சொல்வது என்பதுதான். ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன், நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அடுத்த ஞாயிறு மாதா சபைத் தலைவி தேர்தல், நான் நிற்கிறேன். இந்த நேரத்தில் எதைப் பேசினாலும் அரசியல் ஆக்குவார்கள். பிபியானாவே ஆக்குவாள். தேர்தல் முடியட்டும். ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும்?

ஏப்ரல் 2, புதன்

ஜெசிந்தா ஃபோன் செய்தாள். எடுக்கவில்லை. கை முழுவதும் மாவு.

ஏப்ரல் 5, சனி

மாலையில் பிபியானா மூச்சு வாங்க ஃபோனில் சொன்னாள்.

கிளாட்வின் கடைக்கு முன்னால் கூட்டம் கூடியிருக்கிறது. யாருடைய காரோ நெடுஞ்சாலையில் நின்றுவிட்டதாம், எதனால் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டாண்ட் ஆட்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கடையில் இருந்த ஃபில்டர்களை எல்லாம் ரோட்டில் போட்டிருக்கிறார்கள். "அசல்னா எரியாதுலே, கொளுத்திப் பாரு" என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். கொளுத்தியிருக்கிறார்கள். எரிந்தது. எரிய எரிய, "போலி! போலி!" என்று கை தட்டியிருக்கிறார்கள். கிளாட்வின் ஓடிப்போய் வெறுங்கையால் நெருப்பிலிருந்து பெட்டிகளை இழுத்திருக்கிறான். ரப்பர் உருகிக் கையோடு ஒட்டிக்கொண்டதாம்.

"ரெண்டு கையும் பெர்பெத்துவாக்கா. தோலோட வந்துட்டாம்."

எரியாது என்று நான் சொல்லவில்லை. எரியாது என்று அந்த வீடியோ சொல்கிறது என்றுதான் சொன்னேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

எழுதி வைத்திருந்த திருத்தத்தை எடுத்தேன். நாளை தேர்தல். இந்த நிலையில் எதையாவது அனுப்பினால் தப்பாகத் தெரியும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஒருமனதாக.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். திராட்சையும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போனேன். ஜெசிந்தா வராந்தா பெஞ்சில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"உள்ள போங்க பெரியம்மா. முழிச்சுத்தான் இருக்காவ."

கிளாட்வினின் இரண்டு கையும் முழங்கைவரை கட்டுப் போட்டுத் தலையணை மேல் வைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. அவன் தங்கை மெர்சலின் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வாயைத் துடைத்துவிடச் சொல்லி அவளைப் பார்த்தான். துடைத்த பிறகுதான் பேசினான்.

"எரியாதுன்னு சொன்னீயளே பெரியம்மா. நல்லா எரிஞ்சுது."

சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கும் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

"நான் பரிசோதிச்சுப் பார்த்தேன் கிளாட்வின். நீ கொடுத்தது அசல்தான்."

"அது எனக்குத் தெரியுமே." பிறகு, "எப்பம் பாத்தீய?" என்று கேட்டான்.

"போன வாரம்" என்றேன்.

அதற்கு முந்தின வாரம். வராந்தாவில் ஜெசிந்தாவுக்கு நாங்கள் பேசியது கேட்டிருக்கும். கதவு திறந்துதான் இருந்தது. நான் வெளியே வந்தபோது அவள் குழந்தையை மறு பக்கம் மாற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

விரல்கள் மடங்குமா என்பது போகப்போகத்தான் தெரியுமாம். இது நர்ஸ் சொன்னது.

ஏப்ரல் 9, புதன்

திருத்தத்தை அனுப்பிவிட்டேன். வெளிச்சம், தண்ணீர், நெருப்பு, நிறம், ஸ்டிக்கர், ஒவ்வொன்றாக எடுத்து, நான் செய்து பார்த்ததையும் கண்டதையும் சொன்னேன். கிளாட்வினின் பெயரையும் கடையின் பெயரையும் சொன்னேன். அவன் கொடுத்தது அசல் என்றேன். முன்பு பேசியது நானே என்றும் சொன்னேன். உச்சரிப்பு ஓர் இடத்தில் தடுமாறியதால் முழுவதையும் மறுபடி பேசினேன்.

மாலைவரை இரண்டு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே யாரோ முருங்கைக்கீரை சூப்புக்கு வழி அனுப்பினார்கள். அதற்கு இருபது பாராட்டு.

பிபியானா ஃபோன் செய்தாள். "என்னக்கா, மிரட்டுனாவளா? அந்தப் பொண்ணு வந்து அழுதாளா?"

"யாரும் மிரட்டல. நான் சொன்னதுதான் உண்மை. அதை எல்லாருக்கும் அனுப்பு."

"அனுப்புதேன், அனுப்புதேன். ஆனா ரொம்ப நீளமா இருக்குக்கா. முதல்ல பேசுனது பாருங்க, ஒரு வரியில நச்சுன்னு இருந்துச்சு."

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலைப் பவனியில் வெயில் அதிகம். பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

கவுன் முடிந்தது. ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். குறை சொல்ல ஓர் இடமில்லை. ஜெசிந்தாவுக்கு ஃபோன் செய்து எடுத்துப்போகச் சொன்னேன்.

"இல்ல பெரியம்மா, ரெடிமேடு வாங்கிட்டோம். நீங்க சிரமப்பட வேண்டாம்."

"கவுன் நான்தானே தர்றதா பேச்சு."

"மெர்சலின் வாங்கிட்டு வந்துட்டா. அவளே ஞானத்தாயா நிக்கட்டும்னு அவுக சொல்லுதாவ."

அவுக சொன்னதா நீ சொன்னதா என்று கேட்க நினைத்தேன். குழந்தை அழுதது, வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் செல்லம். திரும்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கீயளாம்மா?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறேன் என்றேன். லேஸைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பூசைக்குப் பிறகு என் பழைய பேச்சு எனக்கே வந்தது. மதுரையில் இருக்கும் ஸ்தனிஸ்லாஸின் அண்ணன் மகள் அனுப்பியிருக்கிறாள், 'சித்தி, கட்டாயம் கேளுங்கள்' என்று. பின்னால் வீணை இசை சேர்த்திருக்கிறார்கள். கண்ணாடி போட்ட, நான் பார்த்தே இராத ஒரு பெண்ணின் படம். பலமுறை பகிரப்பட்டது என்று மேலே இருக்கிறது. திருத்தம் எங்கேயாவது போயிருக்கிறதா என்று நான்கு பேரிடம் கேட்டேன். ஒருவருக்கும் வரவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

கோயில் எல்லாருக்கும் பொது. யாரும் அழைத்துத்தான் போக வேண்டும் என்பதில்லை. இரண்டாம் பூசை முடிந்து ஞானஸ்நானம் தொடங்கியபோது தூணுக்குப் பக்கத்தில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ரெடிமேடு கவுன் குழந்தைக்குப் பெரிது. தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது, மெர்சலின் இழுத்து இழுத்து விட்டாள். தண்ணீர் ஊற்றியபோது குழந்தை அழவில்லை. ரோசலின் என்று சாமியார் சொன்னது கடைசிப் பெஞ்சுவரை கேட்டது.

பிறகு மெழுகுதிரி. பெரிய பாஸ்காத் திரியிலிருந்து பற்றவைத்துப் பிடிப்பது தகப்பனின் வேலை. கிளாட்வின் முன்னால் வந்தான். விரல் இன்னும் கட்டுக்குள்தான் இருக்கிறது. மெழுகுதிரியை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான். பெரிய திரியின் சுடருக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது அவன் கை பின்னால் இழுத்துக்கொண்டது. அவன் இழுக்கவில்லை, கை தானாக இழுத்துக்கொண்டது. மெழுகுதிரி கீழே விழுந்து உருண்டது. சாமியார் குனிந்து எடுத்தார். ஜெசிந்தா அதை வாங்கி, தானே பற்றவைத்து, அவன் மணிக்கட்டுகளுக்கு நடுவில் வைத்து, மேலே தன் கையால் பிடித்துக்கொண்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றான்.

என் பக்கத்தில் இருந்த பெண் முன்பின் தெரியாதவள், வேறு ஏதோ ஞானஸ்நானத்துக்கு வந்தவள். என் காதுக்கருகில் குனிந்தாள்.

"அந்த ஆளுதான் பெரியம்மா, போலி ஸ்பேர் பார்ட்ஸ் வித்த ஆளு. கடவுள் கையிலயே குடுத்துட்டாரு பாருங்க."

"அவன் விற்றது அசல்."

"உங்களுக்குத் தெரியாது. இதைக் கேளுங்க." ஃபோனை எடுத்துச் சத்தத்தைக் குறைத்து என் காதில் வைத்தாள். வீணை. பிறகு நான். வெளிச்சத்தையே நிறுத்தாத காகிதம் தூசியை எப்படி நிறுத்தும்? அவளும் கூடவே உதட்டை அசைத்துச் சொன்னாள், மனப்பாடமாக.

"அது என் குரல்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், ஃபோனில் இருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு வயதானவர்களிடம் பேசுவதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

"இல்ல பெரியம்மா. இது சென்னையில பெரிய இன்ஜினியரம்மா பேசுதது."

"நான்தான் பேசினேன். தப்பாகப் பேசினேன். தூத்துக்குடியில், என் வீட்டுச் சாப்பாட்டறையில்."

சத்தம் கூடிவிட்டது போலிருக்கிறது. முன்பெஞ்சில் இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள். பீடத்துப் பக்கமிருந்து ஜெசிந்தாவும் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் குரல் எங்கிருந்து வந்தாலும் அவளுக்குத் தெரியும். ஒரு கணம் பார்த்தாள். பிறகு மெழுகுதிரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதை விட்டால் விழுந்துவிடும்.

"சரி பெரியம்மா, சரி" என்று அந்தப் பெண் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "வெயில்ல வந்தீயளோ? தண்ணி குடிக்கீயளா?"

ஏப்ரல் 29, செவ்வாய்

முத்துக்குட்டி வந்தான். கிளாட்வின் கொடுத்த ஃபில்டரைச் செய்தித்தாளிலிருந்து பிரித்து மாட்டச் சொன்னேன். தூசியைத் தட்டிவிட்டு மாட்டினான். மேம்பாலம்வரை நானே ஓட்டிப் போனேன். எட்டயபுரம் ரோட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு ஷட்டர், அதில் அந்த எழுத்தை யாரோ பாதி சுரண்டியிருக்கிறார்கள். கீழே வாடகைக்கு என்று அட்டை தொங்குகிறது.

கார் ஒரே மூச்சில் ஏறியது.